கிணற்று நீரும் சாயத் தொட்டியும்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் துணிக்குச் சாயமிட்டுத் தைப்பது பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. பொதியின் மேல் அச்சிட்டிருந்த நிறம் துணியில் வரவில்லை என்பதே அது. பொதியைக் குறை கூறுவதற்கு முன்னர், துணி எந்த இழையால் ஆனது, நீர் எந்தக் கிணற்றினது என்ற இரண்டையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆகவே அக்கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி): பிள்ளையின் பழைய பாடசாலைச் சீருடைகள் இரண்டை வீட்டில் போடும் கவுணாக மாற்ற எண்ணி, கடையில் வாங்கிய நீலச் சாயப் பொடியைக் கொதிநீரில் கரைத்து ஊற வைத்தேன். ஒரு கவுண் நன்றாக நிறம் பிடித்தது. மற்றது வெளிறிய வான நிறத்தோடு நின்றுவிட்டது. இரண்டிலும் தையல் நூல் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. நன்றாகப் பிடித்த கவுணும் இரண்டு தடவை தோய்த்ததும் சாயம் கழன்று மற்ற உடுப்புகளில் ஏறிவிட்டது. பொடி போலியானதா?

பதில்: போலி என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளில் இரண்டுக்குக் காரணம் துணி. மூன்றாவதற்குக் காரணம் சாயத்தின் வகை. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் அடுத்த முறையும் பணம் வீணாகும்.

இரண்டு கவுண்களும் வெள்ளையாக இருந்திருந்தாலும் ஒரே துணியாக இருந்திருக்க மாட்டா. சீருடைத் துணிகளில் தனிப் பருத்தியும் உண்டு, பருத்தியோடு பொலியெஸ்டர் கலந்ததும் உண்டு. பொலியெஸ்டர் இழைக்குள் சாயம் நுழைய வேண்டுமானால், அதற்கென்றே உள்ள சாயத்தை ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அழுத்தத்தின் கீழ் ஏற்ற வேண்டும். தொழிற்சாலைகளில் அதற்குரிய மூடிய கலங்கள் இருக்கின்றன. நமது குசினி அடுப்பில் நீர் 100 பாகையோடு நின்றுவிடும். ஆதலால் கலப்புத் துணியில் பருத்திப் பங்கு மட்டும் நிறம் பிடிக்க, மற்றப் பங்கு வெள்ளையாகவே நின்று, பார்வைக்கு முழுத் துணியும் வெளிறியதாகத் தோன்றும். தையல் நூல் வெள்ளையாக நிற்பதும் இதனாலேயே, ஏனெனில் இப்போது கடைகளில் கிடைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பொலியெஸ்டர்.

எந்தத் துணியையும் சாயத்தில் போடுவதற்கு முன்னர் உள்மடிப்பிலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, நீர் நிறைந்த பாத்திரத்துக்கு மேலே வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் விரலால் நசுக்க முடியாத கரிய மணியாக இறுகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றத்தை விடும். கலப்புத் துணி எரியவும் செய்யும், ஓரத்தில் மணி கட்டவும் செய்யும்.

இனிச் சாயம் கழன்ற விடயம். கொதிக்க வைத்துப் பயன்படுத்தும் பொதிகளில் பெரும்பாலும் இருப்பது நேர்ச்சாயம் என்னும் வகை. அது பருத்தியோடு உறுதியான இரசாயனப் பிணைப்பு எதனையும் கொள்வதில்லை. இழைக்குள் ஒதுங்கித் தங்கி, ஒவ்வொரு தோய்ப்பிலும் சிறிது சிறிதாக வெளியேறும். 1956ஆம் ஆண்டு பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்களே இக்குறையைத் தீர்த்தவை. காரத்தன்மையுள்ள நீரில் அவை பருத்தியின் செல்லுலோசோடு நேரடியாகப் பிணைந்து இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. அவற்றுள் குளிர்ந்த நீரிலேயே வேலை செய்யும் வகை வீட்டுக்கு மிகவும் ஏற்றது. அடுப்பும் வேண்டியதில்லை, பெரிய கிடாரமும் வேண்டியதில்லை.

100 கிராம் உலர்ந்த பருத்தித் துணிக்கு 2 லீற்றர் நீரும் 100 கிராம் சாதாரண உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். சாயம் நடுத்தர நிறத்துக்கு 2 கிராம், அடர்ந்த நிறத்துக்கு 4 கிராம் போதும். உப்பையும் சாயத்தையும் நீரில் கரைத்து, நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு, இருபது நிமிடம் இடைவிடாமல் புரட்டிக்கொடுங்கள். பின்னர் 20 கிராம் சலவைச் சோடாவை வேறொரு பேணியில் இளஞ்சூட்டு நீரில் கரைத்து, துணியின் மேல் நேராகப் படாமல், துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அதன் பின் ஒரு மணி நேரம், இடையிடையே புரட்டியபடி விட வேண்டும். நான் சொல்லும் 20 கிராம் தூளாக உள்ள, நீர் நீங்கிய சோடாவுக்குரியது. பெரிய பளிங்குகளாகக் கிடைக்கும் சோடாவில் பாதிக்கு மேல் நீரே இருப்பதால் அதில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எடுக்க வேண்டும். குசினியில் உள்ள அப்பச்சோடாவை இதற்குப் பதிலாகப் போட முடியுமா என்று இன்னும் இருவர் கேட்டிருக்கின்றனர். முடியாது. அதன் காரம் மிக மெல்லியது. குளிர்ந்த தொட்டியில் சாயத்தைப் பிணைக்க அது போதாது.

கடைசிக் கட்டத்தில்தான் பலரும் அவசரப்படுகின்றனர். தொட்டியில் இட்ட சாயம் முழுவதும் துணியோடு பிணைவதில்லை. ஒரு பங்கு நீரோடு தாக்கமுற்று, பிணையும் ஆற்றலை இழந்து, இழைகளுக்கிடையில் சும்மா தங்கியிருக்கும். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று தடவை அலசி உப்பையும் சோடாவையும் நீக்கிய பின்னர், கை பொறுக்காத சூடுள்ள நீரில் சிறிது சவர்க்காரத் தூளோடு ஊறவைத்து அலசினால் மட்டுமே அந்தப் பங்கு வெளியேறும். நீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பொடியைக் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ரியாக்டிவ் சாயத் தூளை அடிக்கடி சுவாசிப்பவர்களுக்கு ஒவ்வாமையும் இளைப்பும் ஏற்படக்கூடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கரையுங்கள். சாயத்துக்கு எடுத்த பாத்திரத்தையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

உங்கள் கவுண்களைப் பொறுத்தவரை, கலப்புத் துணியில் தைத்ததை அப்படியே விட்டுவிடுங்கள். இனி எதைச் செய்தாலும் அது அடர்ந்த நீலமாகாது. மற்றதை மேற்சொன்ன முறையில் மறுபடியும் சாயமிடலாம். வெள்ளைத் தையலை மறைக்க முயல்வதிலும் பார்க்க, கழுத்திலும் கைவிளிம்பிலும் பையின் ஓரத்திலும் அதே வெள்ளை நூலால் இன்னொரு வரி தைத்துவிட்டால், திட்டமிட்டுச் செய்த அலங்காரமாகவே அது தோன்றும்.

கேள்வி (கோப்பாயிலிருந்து ஒரு வாசகி): கண்டியில் இருக்கும் என் தங்கையும் நானும் ஒரே கடையில், ஒரே சாயத்தை வாங்கினோம். அவள் இட்ட சிவப்பு பளிச்சென்று இருக்கிறது. எனக்கு மங்கலாக வந்ததோடு, துணி காய்ந்ததும் மேலே வெண்தூள் படிந்திருந்தது. எங்கே பிழை?

பதில்: பிழை உங்கள் கையில் இல்லை, உங்கள் நிலத்தின் அடியில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது; நாம் அள்ளும் கிணற்று நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் தேங்கி, அதிலிருந்து கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருவது. கேத்தலின் அடியில் படியும் வெண்படிவு அதுதான். அந்த நீரில் சலவைச் சோடாவைக் கரைத்தவுடன் கல்சியம் சுண்ணாம்புத் தூளாகப் பிரிந்து துணியில் படிகிறது. நேர்ச்சாயமாக இருந்தால் கல்சியம் சாயத்தின் ஒரு பங்கையும் பிடித்துக்கொண்டு தொட்டியின் அடியில் இறங்கிவிடும். மலைநாட்டு நீர் மென்மையானது. ஆகவே உங்கள் தங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிறந்த தீர்வு மழைநீர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையில், முதல் சிறிது நேரம் கூரைத் தூசியைக் கழுவ விட்டுவிட்டு, பின்னர் விழுவதை மூடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலன்களில் பிடித்து வைத்தால், சாயத் தொட்டிக்கும் கடைசி அலசலுக்கும் மாதக்கணக்கில் உதவும். மழைநீர் இல்லாத கோடையில், கிணற்று நீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்து எடுங்கள். நீரின் வன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கல்சியம், முழுவதும் இதனால் நீங்காது, ஆனால் கணிசமாகக் குறையும். ஏற்கெனவே வெண்தூள் படிந்த துணியை, ஒரு வாளி நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு ஒரு தடவை அலசி, உடனே நன்னீரில் திரும்பவும் அலசினால் தூள் கரைந்துவிடும். அமிலத்தில் நெடுநேரம் ஊறவிடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பாறை வெடிப்பின் வழியாக நமக்கு நீர் வருகிறதோ, அதே வழியாகத்தான் நாம் வளவில் ஊற்றுவதும் கிணற்றுக்குத் திரும்புகிறது. கிணற்றடியில் வைத்துச் சாயமிடுவதையோ, தொட்டி நீரைக் கிணற்றடி வாய்க்காலில் விடுவதையோ நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கிணற்றிலிருந்து இயன்றளவு தொலைவில் வேலை செய்யுங்கள். தேவைக்கு மேல் சாயமும் உப்பும் இடாதீர்கள். உப்புக் கலந்த தொட்டி நீரைத் தோட்டத்துப் பாத்தியிலோ வாழையடியிலோ ஊற்றாதீர்கள். இயற்கைச் சாயத்துக்கு நிறம் பிடிப்பிக்கச் சிலர் எடுக்கும் குரோமிய உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. செம்பு உப்புகளும் நிலத்துக்கும் நீருக்கும் கேடானவை. நம் வீடுகளில் அவற்றுக்கு இடமே இருக்கக் கூடாது.

கேள்வி (மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி): இரசாயனப் பொடி எதுவும் இல்லாமல் மஞ்சள், பீற்றூட், செவ்வரத்தம்பூ போன்றவற்றால் பருத்திக்குச் சாயமிட விரும்புகிறேன். எது நிலைக்கும்?

பதில்: நீங்கள் பெயர் சொன்ன மூன்றுமே நிலைக்காதவை. பீற்றூட்டும் செவ்வரத்தம்பூவும் பாத்திரத்தில் காட்டும் நிறத்தைத் துணியில் காட்டா. காட்டினாலும் ஓரிரு தோய்ப்பில் போய்விடும். மஞ்சள் பருத்தியை நன்றாகவே பிடிக்கும், ஆனால் வெயில் அதன் முதல் எதிரி. சவர்க்காரம் அடுத்த எதிரி. புத்தாடையின் மூலையில் தொட்ட மஞ்சள், சவர்க்காரம் பட்டதும் சிவந்துபோவதைக் காணாத வீடு நம்மிடையே இராது. கொடியில் சில நாள் வெயில் காய்ந்தாலே வெளிறிவிடும் ஒரு பொருளை, 2020இல் மஞ்சள் விற்ற விலையை நினைத்துப் பார்ப்பவர் எவரும் வாளியில் கரைக்கத் துணியமாட்டார்.

அதற்கு மாறாக, நாம் குப்பையில் எறியும் பொருள்கள் சில நல்ல சாயம் தருபவை. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தோல் அவற்றுள் முதன்மையானது. நிறத்தைப் பிடிப்பிக்கும் சீனாக்காரம் (படிகாரம்) ஏற்றிய பருத்தியில் அது பொன் மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரையான நிறங்களைத் தரும். மாதுளம்பழத் தோல் கடுகு மஞ்சளைத் தரும். தச்சுப் பட்டறைகளில் கிடைக்கும் பலா மரத்தின் வைரப்பகுதித் தூள் தெளிவான மஞ்சளைத் தரும். பௌத்த துறவிகளின் காவியுடைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது அந்த மரமே.

ஆனால் பருத்தி இவற்றைத் தானாக ஏற்காது. கம்பளியும் பட்டும் புரத இழைகளாதலால் சீனாக்காரத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு இடையில் கடுக்காய் போன்ற ஒரு துவர்ப்புப் பொருள் வேண்டும். எனவே முதலில் துணியிலுள்ள கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கச் சலவைச் சோடா இட்ட நீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து அலசுங்கள். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்து, அந்த நீரில் துணியை ஓர் இரவு விடுங்கள். பிழிந்து உலர்த்திய பின்னர் 15 கிராம் சீனாக்காரத்தைக் கரைத்த வெந்நீரில் மேலும் ஓர் இரவு ஊறவிட்டு, இலேசாக அலசுங்கள். அதன் பிறகே வெங்காயத் தோல். துணியின் நிறையளவுக்குத் தோல் எடுத்து ஒரு மணி நேரம் அவித்து வடித்த நீரில், துணியைப் போட்டு மெல்லிய சூட்டில் மேலும் ஒரு மணி நேரம் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட வேண்டும்.

அதே துணியைப் பின்னர் அன்னபேதி என்னும் இரும்பு உப்பு ஒரு கிராம் கரைத்த நீரில் சில நிமிடம் தோய்த்தால் மஞ்சள் பாசிப் பச்சையாக மாறும். கடுக்காய் மட்டும் ஏற்றிய துணி இந்த நீரில் சாம்பல் நிறமாகும். இரும்பு அதிகமானால் காலப்போக்கில் பருத்தி இற்றுப்போகும் என்பதனால் அளவை மீறாதீர்கள். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறவைத்து எடுக்கும் நீரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று அளவிட முடியாது.

துவர்ப்புப் பொருள் இழையை நிறமூட்டும், காக்கவும் செய்யும் என்பது நமது கரையோரங்களில் நன்கு அறியப்பட்டிருந்த விடயமே. நைலோன் வருவதற்கு முன்னர், பருத்தி நூல் வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றிலும் மரப்பட்டை அவித்த நீரிலும் தோய்த்தது நிறத்துக்காக அல்ல. கடல் நீரில் வலை அழுகாமல் இருப்பதற்காக.

கேள்வி (பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்): என் அப்பம்மா சாயவேர் என்ற ஒன்றைப் பற்றிப் பேசுவார். மணற்காட்டில் கிண்டி எடுப்பார்களாம். அது இப்போதும் கிடைக்குமா? அதனால் வீட்டில் சாயமிட முடியுமா?

பதில்: அப்பம்மா சொன்னது நம் வரலாற்றின் ஒரு பெரிய பகுதி. சாயவேர், தமிழ்நாட்டில் இம்பூறல் என்று வழங்கும் சிறு பூண்டின் வேர். கரையோர மணற்பாங்கான நிலத்தில் மெல்லிய நீண்ட வேர் விட்டு வளர்வது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேர் கிண்டப்படுவதைத் தம் கட்டுப்பாட்டில் வைத்துப் பெருவருவாய் ஈட்டினர். சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட சித்திரத் துணிகளின் சிவப்பு இந்த வேரினது. இதில் உள்ள அலிசரின் என்னும் நிறப்பொருளை 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு செருமானியர் ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினர். அதன் பின் சில ஆண்டுகளுக்குள் செயற்கை அலிசரின் மலிந்து, வேரைக் கிண்டி விற்கும் தொழிலுக்கு இடமில்லாமற் போயிற்று.

பூண்டு இன்னும் இருக்கிறது. ஆயினும் கிண்டி எடுக்குமாறு நான் சொல்ல மாட்டேன். வேரை எடுத்தால் செடி போய்விடும். ஒரு சேலைக்கு வேண்டிய மெல்லிய வேரைச் சேர்க்க மணற்பரப்பில் பெரும் பகுதியைக் குடைய வேண்டியிருக்கும். மணல் நிரப்பிய பாத்தியில் விதைத்துப் பொறுமையோடு வளர்ப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். உடனே செய்து பார்க்க விரும்பினால் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டியை வாங்குங்கள். அதுவும் இதற்கு உறவான நிறப்பொருள்களைக் கொண்ட வேர்தான். கடுக்காயும் சீனாக்காரமும் ஏற்றிய பருத்தியில் செங்கல் சிவப்பைத் தரும். தூளாக்கி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து, துணியோடு சேர்த்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் சிவப்பு பழுப்பாகிவிடும்.

கோப்பாய் வாசகி இதனைக் கவனிக்க வேண்டும். இந்த வேர்களின் சிவப்பு, சீனாக்காரத்தோடு கல்சியமும் சேரும்போதே முழுமையாகத் தெளிகிறது. மழைநீரில் மங்கலாக வரும் மஞ்சிட்டி, நமது வன்மையான கிணற்று நீரில் ஒளி பெறும். பொதிச் சாயத்தைக் கெடுக்கும் அதே சுண்ணாம்பு இங்கே துணைக்கு நிற்கிறது. வெங்காயத் தோலுக்கும் மஞ்சிட்டிக்கும் ஒரே நீரை எடுக்காமல், மழைநீர், கிணற்று நீர் இரண்டிலும் சிறு துண்டுகளை இட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (நல்லூரிலிருந்து ஒரு வாசகி): முப்பது ஆண்டுகளுக்கு முந்திய என் கூறைச் சேலை மடிப்புகளில் வெளிறிவிட்டது. வீட்டில் மறுசாயம் இட முடியுமா?

பதில்: வேண்டாம். பட்டுக்குரிய அமிலச் சாயத்தை வினாகிரியோடு சூடான நீரில் ஏற்றுவது கடினமான வேலை அல்ல. ஆனால் சரிகையும், கரையின் வேற்று நிறமும், மடிப்பில் நலிந்த இழையும் அந்தச் சூட்டைத் தாங்கா. வெளிறாத பகுதிகளை வெட்டிப் பேத்திக்குப் பாவாடையும் சட்டையும் தைப்பதே அந்தப் பட்டுக்குச் செய்யும் மரியாதை. மெல்லிய பருத்தி உட்துணி வைத்துத் தைத்தால் நலிந்த இழைக்கு இழுவை குறையும்.

கேள்வி (வேலணையிலிருந்து ஒரு வாசகி): மெழுகால் வரைந்து சாயமிடும் பத்திக் செய்ய ஆசை. வீட்டில் உள்ள மெழுகுதிரிகளை உருக்கினால் போதுமா?

பதில்: தொடக்கத்துக்குப் போதும். மெழுகுதிரியில் பெரும்பாலும் இருப்பது பரவின் மெழுகு. அது ஆறியதும் எளிதில் வெடிக்கும், வெடிப்பின் வழியே சாயம் இறங்கிச் சிலந்திவலை போன்ற கோடுகளைத் தரும். கோடுகள் வேண்டாத இடத்துக்குத் தேன்மெழுகு கலந்தால் வளைந்து கொடுக்கும். மெழுகை அடுப்பில் நேராக வைக்காமல், கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பேணியை வைத்து உருக்குங்கள். தீப்பற்றினால் நீரை ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். சாயம் குளிர்ந்த நீருக்குரிய ரியாக்டிவ் வகையாக மட்டும் இருக்கலாம், ஏனெனில் சூடான தொட்டியில் இறக்கினால் நீங்கள் வரைந்த மெழுகே கரைந்து மிதக்கும். கடைசியில் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மெழுகைத் தாளில் ஏற்றி, மிஞ்சியதைக் கொதிநீரில் நீக்குங்கள். அந்த நீரை வாய்க்காலில் ஊற்றாமல் ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாக இறுகும். எடுத்து மறுபடி பயன்படுத்தலாம்.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து ஒரு மாணவர்): உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். அம்மம்மாவின் பழைய கால் மெஷினில், நானே முடிச்சுக் கட்டிச் சாயமிட்ட பருத்தியில் தலையணை உறைகள் தைத்தேன். கீழ்ப்பக்கம் நூல் கட்டி கட்டியாக வருகிறது, தையல் சுருங்குகிறது, தோய்த்த பின் உறை கோணிவிட்டது. மெஷினை மாற்ற வேண்டுமா?

பதில்: மெஷினை மாற்ற வேண்டாம், தம்பி. நேர்த்தையலுக்கு அந்தப் பழைய இரும்பு மெஷின்களை மிஞ்சியது இன்றும் குறைவு.

கீழ்ப்பக்கம் நூல் கட்டிப்படுவதைக் கண்டதும் எல்லோரும் பொபினைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் காரணம் மேல் நூல். அழுத்துகாலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோக்க வேண்டும். கால் இறங்கியிருந்தால் இழுவிசைத் தட்டுகள் இரண்டும் இறுக மூடியிருக்கும். நூல் அவற்றுக்கிடையே போகாமல் மேலே தங்கிவிடும், இழுவிசை இல்லாத நூல் கீழே சென்று குவியும். சுருக்கத்துக்கு இரண்டு காரணங்களைப் பாருங்கள். மெல்லிய பருத்திக்கு 11ஆம் இலக்க ஊசியும் நடுத்தரப் பருத்திக்கு 14ஆம் இலக்க ஊசியும் போதும். 16ஆம் இலக்கம் காற்சட்டைத் துணிக்குரியது. இழுவிசைத் திருகு அளவுக்கு மேல் இறுகியிருந்தாலும் சுருக்கம் விழும். அதே துணியின் துண்டொன்றை இரண்டாக மடித்து, தையலின் இரு புறமும் நூல் முடிச்சு தெரியாத வரை திருகைச் சிறிது சிறிதாகத் தளர்த்திப் பாருங்கள். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் அது காலப்போக்கில் பிசினாகி உறுப்புகளை இறுக்கியிருக்கும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தோல் பட்டி தளர்ந்திருந்தால் ஒரு சிறு துண்டை வெட்டி மறுபடி பொருத்தினால் போதும்.

கோணியதற்கு மெஷின் பொறுப்பல்ல. துணியை நூலோட்டத்துக்கு நேராக வெட்டாமல் கரையை மட்டும் நம்பி வெட்டியிருப்பீர்கள். ஓரத்தில் சிறு வெட்டு இட்டு, குறுக்கு நூல் ஒன்றைப் பிடித்து மெல்ல உருவினால் அது விட்டுச் செல்லும் கோடே உண்மையான நேர்கோடு. முடிச்சுச் சாயம் இட்ட துணி பல பக்கமும் இழுபட்டிருக்கும் என்பதனால், நனைத்து, நூலோட்டத்தைச் சரிசெய்து இழுத்து, ஈரமாக இருக்கும்போதே அழுத்த வேண்டும். புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும். ஆகவே தோய்த்தல், சாயமிடல், அழுத்தல் ஆகிய மூன்றும் முடிந்த பின்னரே கத்தரி தொட வேண்டும். சாயமிட்ட துணிக்கு அதற்கு இசைந்த நிற நூலை வாங்கித் தைத்தால் சுன்னாகத்து வாசகியின் வெள்ளை நூல் பிரச்சினையும் உங்களுக்கு வராது.

தலையணை உறைக்கு, விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெஷின் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். துணியின் நல்ல பக்கங்கள் வெளியே இருக்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து அரை சென்ரிமீற்றரில் ஒரு தையல் போடுங்கள். விளிம்பை 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கத்தரித்து, உறையை மறுபுறம் திருப்பி, விரல் நகத்தால் மடிப்பை அழுத்தி, முக்கால் சென்ரிமீற்றரில் இரண்டாவது தையல் போட்டால், அறுத்த விளிம்பு உள்ளேயே மறைந்துவிடும். நாள்தோறும் தோய்க்கும் உறைகளுக்கு இதைவிட உறுதியான முறையை நான் அறியேன்.

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி): கடையில் வாங்கும் புது உடுப்பு சாயம் போகாமல் இருக்க, உப்பு நீரில் அல்லது வினாகிரியில் ஊறவைக்க வேண்டும் என்கிறார்கள். பயன் உண்டா?

பதில்: இல்லை. சாயத் தொட்டியில் உப்பின் வேலை, நீரில் உள்ள சாயத்தைப் பருத்தியை நோக்கித் தள்ளுவது மட்டுமே. ஏற்கெனவே பிணையாமல் தங்கியிருக்கும் சாயத்தை அது பூட்டி வைப்பதில்லை. வினாகிரி பட்டுக்கும் கம்பளிக்கும் சாயமிடும்போது உதவும். பருத்திக்குச் சாயம் நிலைக்க அதனால் நன்மை இல்லை. புது உடுப்பை முதலில் தனியாக, இயன்றளவு சூடான நீரில் சவர்க்காரத் தூளோடு தோய்த்து மிகுதிச் சாயத்தை வெளியேற்றுவதே சரியான வழி. வாங்குமுன் சோதிக்க விரும்பினால், ஈரமாக்கிய வெள்ளைக் கைக்குட்டையால் உள்மடிப்பைப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் அப்பினால், அந்த உடுப்பை வெள்ளைத் துணிகளோடு எக்காலத்திலும் சேர்க்க வேண்டாம்.